கடைசி மூன்று அவுட்: மாரியானோ ரிவேராவின் பந்துவீச்சு வாழ்க்கை

கேட்கப்பட்ட கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்பது இன்னிங்ஸ் (இரு அணியும் மூன்று மூன்று அவுட் ஆகும்வரை ஆடும் சுற்று ஒரு இன்னிங்ஸ்) நடக்கும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸை மட்டும் வீசிவிட்டுப் போகிற ஒருவரை எப்படி அந்த விளையாட்டின் தலைசிறந்தவர்களில் ஒருவராகக் கருத முடியும் என்பது முதல் பகுதி. அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரான பேப் ரூத்துக்கும் கிடைக்காத நூறு விழுக்காடு வாக்குடன் மாரியானோ ரிவேரா 2019-இல் அமெரிக்க பேஸ்பால் புகழரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது நியாயந்தானா என்பது இரண்டாவது பகுதி. நியாயந்தான் என்பதே என் பதில். ஆனால் அதற்குப் பலரும் முதலில் எடுத்துச் சொல்லும் காரணம், அதாவது அவருடைய 652 'சேவ்' (அணியின் முன்னிலையை ஆட்டம் முடியும்வரை காத்ததற்குத் தரும் கணக்கு) என்ற எண்ணிக்கை, இருக்கும் காரணங்களிலேயே வலுக் குறைந்தது. அதை விளக்க, அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளரை ஸ்டார்ட்டர் என்பார்கள். அவர் ஐந்து, ஆறு, சில நாட்களில் ஏழு இன்னிங்ஸ் வரை வீசுவார். அதற்குள் அவருடைய கை தளர்ந்திருக்கும். அதைவிட முக்கியமாக, எதிரணியின் அதே ஒன்பது மட்டையாளர்கள் மூன்றாவது சுற்று வரும்போது அவருடைய பந்துகளை ஓரளவு படித்து முடித்திருப்பார்கள். அந்தக் கட்டத்தில் வருபவர்தான் ரிலீவர். வெளியேறிய ஸ்டார்ட்டர் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்பது விதி. ஆகவே ஒருவரை மாற்றுவது என்பது திரும்பப் பெற முடியாத முடிவு. கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களை வீசுபவர் ஏற்கெனவே தொடக்கத்தில் இரண்டு ஓவர் வீசி ஆடுகளத்தின் தன்மையை அறிந்திருப்பார். தம் கடைசி ஓவரில் சறுக்கினாலும் மறுமுனையில் இன்னொருவர் இருப்பார். ரிலீவருக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது.

ஆட்டத்தின் பெரும்பகுதி நேரம் அவர் புல்பென் எனப்படும் தனி இடத்தில், பெரும்பாலும் மைதானத்தின் வெளிச்சுவருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பார். அங்கே ஒரு தொலைபேசி இருக்கும். மேலாளரின் தரப்பிலிருந்து அழைப்பு வந்ததும் எழுந்து கையைச் சூடேற்றத் தொடங்க வேண்டும். இருபது, முப்பது பந்துகள் வீசித் தயாரான பிறகு, சொந்த அணி திடீரென்று நான்கு ஓட்டம் எடுத்துவிட்டால் அவர் தேவைப்பட மாட்டார். திரும்ப உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மறுநாள் மறுபடியும் அதே கதை. களத்தில் இறங்காத நாளில் வீசிய அந்தப் பந்துகள் எந்தப் புள்ளிவிவரப் பக்கத்திலும் வராது. முழங்கையும் தோளும் மட்டுமே அவற்றைக் கணக்கு வைத்திருக்கும். ஒரு பருவத்தில் அணி ஆடுவது 162 ஆட்டங்கள். அவற்றில் அறுபது, எழுபது ஆட்டங்களில் இறங்கும் ரிலீவர் எத்தனை நாட்கள் கையைச் சூடேற்றியிருப்பார் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தொழிலில் பலருடைய காலம் ஏன் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது என்பது புரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் ரிலீவராக வேண்டும் என்று ஆசைப்பட்டு யாரும் வருவது அரிது. பெரும்பாலோர் ஸ்டார்ட்டராகத் தொடங்கி, அது கைகூடாததால் இங்கே அனுப்பப்பட்டவர்கள். டென்னிஸ் எக்கர்ஸ்லி 1977-இல் ஸ்டார்ட்டராக ஒரு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு நல்ல அடிகூடக் கிடைக்காத ஆட்டம்) வீசியவர். பத்தாண்டு கழித்து முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓக்லண்டில் குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை முடித்து வைப்பவர் ஆனார். டிரெவர் ஹாஃப்மன் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது உட்களத்தில் நிற்கும் களத்தடுப்பாளராக, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, மட்டைபிடிக்க வராததால் பந்து வீசத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் எரிக் கான்யேயும் ஸ்டார்ட்டராகத் தடுமாறியவரே. அவர் 2002 முதல் 2004 வரையான மூன்று பருவங்களில் 152 சேவ் எடுத்தார். அதற்கிடையில் தொடர்ந்து 84 வாய்ப்புகளில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. அடுத்த ஆண்டு முழங்கைக் காயம் வந்தது. அத்துடன் அந்த உச்சமும் போயிற்று. குளோசர்களின் வாழ்க்கையில் கான்யேயின் கதைதான் பொதுவழக்கு. ரிவேராவின் கதை விதிவிலக்கு.

இனி சேவ் என்பதற்கு வருகிறேன். சிகாகோ விளையாட்டுப் பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் வகுத்த இந்தக் கணக்கு 1969-இல் அதிகாரபூர்வப் புள்ளிவிவரமானது. வெல்லும் அணிக்காகக் கடைசியாகப் பந்து வீசி ஆட்டத்தை முடிப்பவர், மூன்று ஓட்டத்துக்கு மிகாத முன்னிலையுடன் வந்து குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசியிருந்தால் அவருக்கு ஒரு சேவ். இதைவிட நெருக்கடியான நிலையில் வந்தவருக்கும், மூன்று இன்னிங்ஸ் வீசி முடித்தவருக்கும் அது கிடைக்கும். இதிலுள்ள கோளாறு வெளிப்படையானது. ஒன்பதாவது இன்னிங்ஸை மூன்று ஓட்ட முன்னிலையுடன் தொடங்குபவர் இரண்டு ஓட்டங்களை விட்டுக்கொடுத்தாலும் சேவ் பெறுவார். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் (ஓட்டம் எடுக்க மட்டையாளர் ஓடிக் கடக்க வேண்டிய நிலைகள்) ஆட்கள் நிற்கும்போது வந்து, ஒரு ஓட்டமும் கொடுக்காமல் அணியை மீட்டவருக்கு அது கிடைக்காது.

அதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு முன்னிலையுடன் செல்லும் அணி, யார் பந்து வீசினாலும், ஏறத்தாழ 95 விழுக்காடு ஆட்டங்களை வென்றுவிடுகிறது. பல தலைமுறைகளாக இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. 1988-இல் ஓக்லண்ட் மேலாளர் டோனி லா ரூசா எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதில் பெருவெற்றியும் கண்ட பிறகு மற்ற அணிகளும் அப்படியே செய்தன. சேவ் எண்ணிக்கை உயர்ந்தது, குளோசர்களின் சம்பளம் உயர்ந்தது, முன்னிலையைக் காக்கும் விகிதம் மட்டும் அங்கேயே நின்றது. ஆகவே ரிவேராவின் 652 சேவ்களை மட்டும் காட்டி அவரை உயர்த்துபவரிடம், அதே வாய்ப்புகளை வேறொரு நல்ல பந்துவீச்சாளருக்குக் கொடுத்திருந்தால் எத்தனை கிடைத்திருக்கும் என்று ஒருவர் திருப்பிக் கேட்டால், அது நேர்மையான கேள்விதான். வாக்களிக்கும் தகுதியுடைய ஒரு பத்திரிகையாளர் இதே காரணத்தைச் சொல்லி ரிவேராவுக்கு வாக்களிக்க விருப்பமில்லை என்று வெளிப்படையாக எழுதினார். பிறகு மனம் மாறி வாக்களித்தார். அவர் எழுப்பிய வாதத்தை நான் மதிக்கிறேன். ரிவேராவின் பெருமை அந்த வாதத்தையும் தாங்கி நிற்பது என்பதே நான் காட்ட விரும்புவது.

ரிவேரா பிறந்தது 1969 நவம்பர் 29 அன்று, பனாமா நாட்டில். வளர்ந்தது பசிபிக் கரையிலுள்ள புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில். தந்தை மீன்பிடிப் படகின் தலைவர். பால் அட்டைப்பெட்டியை மடித்துச் செய்த கையுறையும் மரக்கிளையை வெட்டிச் செய்த மட்டையுமாகக் கடற்கரையில் விளையாடிய பையன், பள்ளியை விட்டு வந்து தந்தையின் படகில் மத்தி பிடிக்கப் போனான். ஒருமுறை அந்தப் படகு கவிழ்ந்து உயிர் தப்பியதும் உண்டு. உள்ளூர் அணியில் அவர் களத்தின் பல இடங்களிலும் ஆடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அணியின் பந்துவீச்சாளர் மோசமாக வீசியதால், அவருக்குப் பதிலாக ரிவேரா வீச வந்தார். அந்தச் செய்தி நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக வீரர்களைத் தேடிக்கொண்டிருந்த ஹெர்ப் ரேபர்னை எட்டியது. 1990 பிப்ரவரியில் யாங்கீஸ் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. கையொப்பத் தொகை ஏறத்தாழ 2,500 டாலர். வயது இருபது. பெரிய அணிகள் பதினாறு, பதினேழு வயதிலேயே லத்தீன் அமெரிக்கச் சிறுவர்களை வளைத்துக்கொள்ளும் காலத்தில் இது மிகத் தாமதமான தொடக்கம், ஆங்கிலமும் தெரியாது.

அந்த ஆண்டே புதுமுக வீரர்களுக்கான கல்ஃப் கோஸ்ட் லீகில் அவர் 52 இன்னிங்ஸ் வீசினார்; களத்தடுப்புத் தவறால் வந்தவை நீங்கலாக, அவர் கணக்கில் சேர்ந்த ஓட்டம் ஒன்றே ஒன்றுதான். அப்படியிருந்தும் அணியின் பெரிய நம்பிக்கைகளில் ஒருவராக அவர் கருதப்படவில்லை. மெலிந்த உடல், வேகமும் சாதாரணம். 1992-இல் முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டின் இறுதியில் கொலராடோ, ஃபுளோரிடா ஆகிய இரண்டு புதிய அணிகள் மற்ற அணிகளின் வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தபோது, யாங்கீஸ் தன் பாதுகாப்புப் பட்டியலில் ரிவேராவைச் சேர்க்கவில்லை. இரண்டு அணிகளுமே அவரை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் முதன்முதலாக மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியில், இறங்கியது 1995 மே 23 அன்று, ஸ்டார்ட்டராக. கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிராக நான்காவது இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியாமல் ஐந்து ஓட்டங்கள் கொடுத்து வெளியேறினார். அணி 10-0 என்று தோற்றது. சில வாரங்களில் கீழ்நிலை அணிக்குத் திருப்பி அனுப்பினார்கள். டெட்ராய்ட் அணியின் டேவிட் வெல்ஸைப் பெறுவதற்காக அவரைக் கைமாற்றிவிடலாமா என்ற பேச்சும் அணிக்குள் நடந்தது. அந்த வேளையில், மணிக்கு 90 மைலை ஒட்டியிருந்த அவருடைய வேகம் கொலம்பஸ் நகரில் ஆடிய ஓர் ஆட்டத்தில் திடீரென்று 95-ஐத் தொட்டுவிட்டது. அளவுகருவி பழுதோ என்று பொது மேலாளர் ஜீன் மைக்கேல் வேறு வழிகளிலும் விசாரித்து உறுதி செய்துகொண்டார். கைமாற்றுப் பேச்சு நின்றது. ஜூலை 4 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் வீசி, ஓட்டமே கொடுக்காமல் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்கினார். ஆனாலும் ஸ்டார்ட்டராக நிலைக்கவில்லை. ஸ்டார்ட்டருக்கு மூன்று வகைப் பந்தாவது கைவசம் வேண்டும். அவரிடம் நம்பத்தக்கதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் குறையே நிறையாக மாறியது 1996-இல். அப்போது யாங்கீஸின் குளோசர் ஜான் வெட்லாண்ட். ரிவேரா அவருக்கு முந்தைய ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களை வீசினார். என் கணிப்பில் அவருடைய பருவங்களில் மிகச் சிறந்தது இதுதான். அதில் அவர் எடுத்த சேவ் ஐந்து மட்டுமே. அந்தப் பருவத்தில் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பதைக் காட்டும் இ.ஆர்.ஏ. சராசரி 2.09 ஆக இருந்தது. ஆறாவது இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த ஆட்டங்களில் யாங்கீஸ் அந்த ஆண்டு 70 வென்று 3 தோற்றது. எதிரணிக்கு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் ஆறு இன்னிங்ஸ் ஆட்டமாகச் சுருங்கிவிட்டது என்றே சொல்லலாம். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில், குளோசராக இல்லாமலேயே, மூன்றாவது இடம் பெற்றார். யாங்கீஸ் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆண்டின் இறுதிப் பட்டத் தொடரான உலகத் தொடரை வென்றது. தொடரின் சிறந்த வீரரான வெட்லாண்டை அணி போகவிட்டு, அந்த இடத்தை ரிவேராவிடம் ஒப்படைத்தது.

அடுத்த ஆண்டு, 1997 ஜூனில், டெட்ராய்ட் மைதானத்தில் அணித்தோழர் ரமிரோ மெண்டோசாவுடன் வழக்கம்போலப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, ரிவேரா எறிந்த பந்து கடைசி நொடியில் தானாக ஒரு பக்கம் விலகியது. அவர் பிடியை மாற்றியதாக அவருக்கே தெரியவில்லை. மெண்டோசா பிடிக்கத் திணறினார். அந்த விலகலை நீக்கிப் பந்தை மறுபடியும் நேராகச் செலுத்தப் பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயருடன் சேர்ந்து சில வாரங்கள் முயன்றார், முடியவில்லை. சரி, இதையே வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பந்துக்குப் பெயர் கட்டர். அது கடவுள் தமக்குத் தந்தது என்றே ஆழ்ந்த இறைநம்பிக்கையுள்ள ரிவேரா எப்போதும் சொல்லிவந்தார்.

கட்டர் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சாதாரண வேகப்பந்துக்குரிய பிடிதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பந்தின் தையல் மேல் சற்றே ஓரமாக அமர, நடுவிரல் கூடுதலாக அழுத்துகிறது. கையசைவில் வித்தியாசம் எதுவும் தெரியாது. பந்து 92, 93 மைல் வேகத்தில் நேராக வருவதாகவே மட்டையாளரின் கண் சொல்லும். கடைசிச் சில அடிகளில் அது சில அங்குலம் பக்கவாட்டில் நகரும். ரிவேரா வலக்கையர், ஆகவே அது இடக்கை மட்டையாளரின் விரல்களை நோக்கி உள்ளே பாயும். மட்டையின் தடித்த பகுதியில் பட வேண்டிய பந்து, கைப்பிடிக்கு மேலுள்ள மெல்லிய பகுதியில் படும். மட்டை முறியும், பந்து வலுவில்லாமல் உருளும். பேஸ்பாலில் பொதுவாக எதிர்க்கை மட்டையாளருக்கே பந்துவீச்சாளர் மேல் கை ஓங்கியிருக்கும். ரிவேரா அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். இரு கையாலும் ஆடக்கூடிய சிலர், அவரிடம் மட்டும் வழக்கத்துக்கு மாறாக வலக்கையால் ஆடிப் பார்த்தார்கள். 1999 உலகத் தொடரில் அட்லாண்டாவின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை ஆட வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக மட்டைகளை முறித்துக்கொண்டதைப் பார்த்து, அவருடைய அணியின் சக வீரர்களே சிரித்துவிட்டார்கள்.

என்ன பந்து வரப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் இதில் வியப்பு. மற்ற பந்துவீச்சாளர்கள் ஏமாற்றிப் பிழைப்பவர்கள். வேகத்தைக் காட்டி மெதுவானதை வீசுவார்கள். எதைச் செய்யப்போகிறார் என்று அறிவித்துவிட்டுச் செய்தவர் ரிவேரா. அது பலித்ததற்கு விலகல் மட்டும் காரணமில்லை. மட்டையாளர் முன்னுள்ள தட்டின் இரு ஓரங்களிலும் நினைத்த இடத்தில் பந்தை இறக்கும் துல்லியமும் சேர்ந்தே காரணம். அந்தப் பிடியை அவர் ஒளித்து வைக்கவுமில்லை. பல அணிகளின் நட்சத்திர வீரர்கள் கூடி ஆடும் 2008 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின்போது டொரொண்டோவின் ராய் ஹாலடே கேட்டதும் சொல்லிக் கொடுத்தார். ஹாலடே விரல் இடங்களைப் பந்தின் மேல் வரைந்தே வைத்துக்கொண்டார். எதிரணிக்காரருக்குக் கற்றுக்கொடுத்ததற்காக யாங்கீஸ் வீரர்கள் தங்களுக்குள் கூடி ரிவேராவுக்கு அபராதம் விதித்தார்கள்.

இப்போது அக்டோபருக்கு வருவோம். வழக்கமான பருவம் முடிந்து, சிறந்த அணிகள் மட்டும் மோதும் மாதம் அது. எதிரில் நிற்பவர்கள் எல்லாருமே வலுவான மட்டையாளர்கள்; ஒரு தோல்வி ஆண்டு முழுவதையும் அழித்துவிடும். அங்கே ரிவேரா 96 ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் வீசினார். அதாவது ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை இன்னிங்ஸ்; ஒரு இன்னிங்ஸ் குளோசர் என்ற பழிச்சொல் அங்கே அவருக்குப் பொருந்தாது. அந்த 141 இன்னிங்ஸில் அவர் கணக்கில் சேர்ந்த ஓட்டங்கள் பதினொன்று மட்டுமே, இ.ஆர்.ஏ. 0.70. நிலவில் நடந்த மனிதர்கள் பன்னிரண்டு பேர், அக்டோபரில் ரிவேராவிடம் ஓட்டம் எடுத்தவர்கள் அதைவிடக் குறைவு என்று அமெரிக்கர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஹோம் ரன் (பெரும்பாலும் எல்லைச் சுவரைத் தாண்டி அடித்து நேராக ஓட்டம் எடுக்கும் அடி) அடித்தவர்கள் இருவரே: 1997-இல் கிளீவ்லண்டின் சாண்டி அலோமர், 2000-இல் மெட்ஸ் அணியின் ஜே பேட்டன்.

அலோமரின் அடி அந்த ஆண்டு யாங்கீஸை வெளியேற்றுவதில் முடிந்தது. குளோசராக முதல் ஆண்டிலேயே அப்படி அடி வாங்கியவர்களில் சிலர் அத்துடன் நம்பிக்கை இழந்து காணாமல் போயிருக்கிறார்கள். ரிவேரா இருந்த யாங்கீஸ் அடுத்த மூன்று ஆண்டுகளும், அதாவது 1998, 1999, 2000-இல், உலகத் தொடரை வென்றது. 1999 தொடரின் சிறந்த வீரர் அவரே.

அவருடைய மிகப் பெரிய தோல்வி 2001 நவம்பர் 4 அன்று அரிசோனாவில் நடந்தது. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் மார்க் கிரேஸ் ஒரு சிங்கிள், அதாவது முதல் தளம்வரை செல்லும் அடி, அடித்தார். அடுத்தவர் மெல்லத் தட்டிவிட்ட பந்தை எடுத்து ரிவேரா இரண்டாம் தளத்துக்கு எறிய, அது விலகிப்போனது. மிக அரிதாகவே தவறு செய்யும் களத்தடுப்பாளர் அவர். பிறகு டோனி வோமாக் வலது கோட்டோரம் அடித்த இரட்டை அடியில் (இரண்டாம் தளம்வரை செல்லும் அடி) ஆட்டம் சமநிலையானது. மூன்று தளங்களும் நிறைந்திருக்க, உட்களத்தார் முன்னே வந்து நின்றார்கள். லூயிஸ் கொன்சாலஸ் மட்டையைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு ஆடினார். கட்டர் வழக்கம்போல அவருடைய கைப்பக்கம் பாய்ந்தது, வலுவில்லாத அடிதான். அது யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேல் மிதந்து, அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்தது. ஆட்டமும் தொடரும் முடிந்தன. ரிவேரா அன்று மோசமாக வீசினார் என்று சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறையில் நிருபர்களின் கேள்விகளுக்கு நின்று பதில் சொன்னார். யார்மீதும் பழி போடவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2003 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக, உலகத் தொடருக்கு முந்தைய லீக் இறுதியின் ஏழாவது ஆட்டம். 5-5 என்று சமநிலையில் இருந்தபோது ரிவேரா இறங்கினார். ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது என்று மூன்று இன்னிங்ஸ் வீசி, ஓட்டமே கொடுக்காமல் நிறுத்தினார். பதினோராவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில், யாங்கீஸ் மட்டைபிடித்தபோது, ஆரன் பூன் முதல் பந்திலேயே ஹோம் ரன் அடித்தார். எல்லாரும் ஆரன் பூனிடம் ஓட, ரிவேரா மட்டும் தனியாகப் பந்துவீச்சு மேட்டுக்கு ஓடி, மண்ணில் விழுந்து அழுதார். அவரே அந்தத் தொடரின் சிறந்த வீரர். அந்த மூன்று இன்னிங்ஸுக்கு அவருக்குச் சேவ் கிடையாது. அணி முன்னிலையில் இல்லாதபோது இறங்கியதால் விதி அதற்கு இடம் தராது. அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த பந்துவீச்சு 652-இல் சேராதது என்பதைக் கவனித்தால், அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

மறு ஆண்டே பாஸ்டன் திருப்பிக் கொடுத்தது. 2004-இல் 3-0 என்று தொடரில் பின்தங்கி, நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்த அணி அது. ரிவேரா முதல் ஆளுக்கு அடிக்கத் தகாத நான்கு பந்துகளை வீசி, அவரை விதிப்படி முதல் தளத்துக்கு நடக்கவிட்டார். அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் பந்து வீசப்படும்போதே ஓடி இரண்டாம் தளத்தைப் பிடித்தார்; அதைத் தளத்தைத் திருடுவது என்பார்கள். பில் மியூலரின் அடியில் ஓட்டம் வந்தது. பாஸ்டன் அந்த ஆட்டத்தையும், அடுத்த மூன்றையும் வென்று, பிறகு 86 ஆண்டு காத்திருந்த பட்டத்தையும் வென்றது. அடுத்த ஏப்ரலில் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் வீரர்கள் அறிமுகத்தின்போது ரிவேராவின் பெயரைக் கேட்டதும் ரசிகர்கள் பலத்த கைதட்டலுடன் ஆரவாரித்தார்கள், அது கேலி. அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தபடி வணங்கினார். அடி வாங்கிய இடத்தில் அப்படி நிற்க முடிவதும் இந்தத் தொழிலுக்கு வேண்டிய திறமையே. குளோசரின் தோல்வி எப்போதும் கடைசியாக நிகழ்வது, அணித்தோழர்கள் எட்டு இன்னிங்ஸ் உழைத்ததை ஒருவராகக் கெடுப்பது. அதை அன்றிரவே விட்டொழிக்காதவர் மறுநாள் வீச முடியாது. வழக்கமான பருவங்களில் ரிவேராவுக்கு 80 வாய்ப்புகள் கைநழுவின. அதற்குப் பிறகும் மறுநாள் அதே பந்தை, அதே நிதானத்துடன் வீசினார்.

பின்னாண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-இல் ஐந்தாவது உலகத் தொடர்ப் பட்டம். 2011 செப்டம்பர் 19 அன்று மினசோட்டாவுக்கு எதிராக 602-ஆவது சேவ் எடுத்து ஹாஃப்மனைக் கடந்தார். 2012 மே 3 அன்று கான்சஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் உயரப் பந்துகளை ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தபோது முழங்கால் தசைநார் அறுந்தது. வயது 42. அத்துடன் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். அவர் திரும்பி வந்து, 2013-இல் 44 சேவ்களும் 2.11 சராசரியுமாக ஒரு பருவம் முழுவதும் வீசிவிட்டு, தாமே விலகினார். கடைசி முறையாகச் சென்ற ஒவ்வொரு நகரிலும் அந்த மைதானத்தின் டிக்கெட் ஊழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், நெடுநாள் ரசிகர்கள் ஆகியோரை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். மினசோட்டா அணி அவருக்கு முறிந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி ஒன்றைப் பரிசளித்தது. செப்டம்பர் 26 அன்று யாங்கீ மைதானத்தில் அவரைக் களத்திலிருந்து அழைத்துவர மேலாளர் வரவில்லை. பல்லாண்டுத் தோழர்களான ஜீட்டரும் ஆண்டி பெட்டிட்டும் வந்தார்கள். பெட்டிட்டின் தோளில் சாய்ந்து அவர் அழுததை இன்றும் காணொளியில் பார்க்கலாம். மேஜர் லீகின் நிறவேலியை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் நினைவாக எல்லா அணிகளிலும் நிறுத்திவைக்கப்பட்ட 42 என்ற எண்ணை, ஏற்கெனவே அணிந்திருந்தவர் என்ற உரிமையால், கடைசியாக நாள்தோறும் அணிந்து ஆடியவரும் ரிவேராதான்.

சரி, நூறு விழுக்காடு? 2019-இல் வாக்களித்த 425 பேரும் அவருக்கு வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய உச்சம் 2016-இல் கென் கிரிஃபி ஜூனியர் பெற்ற 99.3 விழுக்காடு. 2020-இல் ஜீட்டருக்கும், 2025-இல் ஜப்பானிய வீரர் இச்சிரோவுக்கும் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. ரூத், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன் ஆகியோரைவிட ரிவேரா பெரிய வீரர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவர் வீசியது மொத்தம் 1,283 இன்னிங்ஸுக்குச் சற்று மேல். ஒரு பெரிய ஸ்டார்ட்டர் ஆறேழு ஆண்டுகளில் வீசும் அளவு அது. எவ்வளவு பங்களித்தார் என்ற கணக்கில் ரூத்துக்கு அருகில் அவரை நிறுத்த இயலாது. தமக்குக் கொடுக்கப்பட்ட பணியை எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று பார்த்தால் நிலை வேறு. காலத்துக்கும் மைதானத்துக்கும் ஏற்பத் திருத்தி, சராசரிப் பந்துவீச்சாளரை 100 என்று வைத்து ஓட்டத் தடுப்பை அளக்கும் குறியீடு ஒன்று உண்டு. அதில் அவர் பெற்றது 205. ஆயிரம் இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் அதை எட்டியவர் வேறு எவருமில்லை. அடுத்து நிற்பவர் வெகுதொலைவில் இருக்கிறார். குறைவாக வீசும் ரிலீவருக்கு அது எளிது என்பார்கள். அப்படியானால் மற்ற ரிலீவர்களுக்கும் எளிதாக இருந்திருக்க வேண்டும். 2025 வரை புகழரங்கத்தில் சேர்க்கப்பட்ட ரிலீவர்கள் ஒன்பது பேர்தான். அவர்களிலும் ரிவேராவுக்கு அருகில் வருபவர் இல்லை.

ஆகவே, கேட்டவர் தயங்கியது சேவ் கணக்கைப் பார்த்து என்றால் அந்தத் தயக்கம் சரியானது. ரிவேராவைப் பார்த்து என்றால் அது தேவையில்லை. இதைத் தாமே பார்த்துத் தீர்மானிக்க விரும்பினால், 602-ஆவது சேவைப் பார்க்க வேண்டாம். 1999 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் இடக்கை மட்டையாளர்களுக்கு நேர்வதையும், 2001-இன் ஏழாவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸையும் ஒன்பதாவதையும் அடுத்தடுத்தும், 2003 அக்டோபர் 16-இன் கடைசி மூன்று இன்னிங்ஸையும் பார்க்கலாம். பார்க்கும்போது பந்தைவிட, பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையில் கண் வைப்பது நல்லது: அவர் கையுறையை எங்கே காட்டுகிறாரோ அங்கேயே, பெரும்பாலும் அசைக்கத் தேவையே இல்லாமல், பந்து வந்து சேரும்.